கிராபைட்: கல் நம்முடையது, பலன் யாருடையது?

(காஞ்சிபுரத்தில் நெசவாளர்களும் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய படிப்பு வகுப்பில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



பட்டுக்கும் கோயிலுக்கும் பேர்போன ஊர் இது. இந்த ஊரில் நின்றுகொண்டு நாம் இன்று பேசப்போவது ஒரு கருப்புக் கல்லைப் பற்றி. அதன் பெயர் கிராபைட். தமிழ்நாட்டில் அது சிவகங்கைச் சீமையில் கிடைக்கிறது. "தறிக்குழியில் கால் வைத்து உட்கார்ந்திருக்கிறவனுக்கும், சேற்றில் நின்று நாற்று நடுகிறவளுக்கும் சிவகங்கைக் கல்லோடு என்ன சம்பந்தம்?" என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான்.

சம்பந்தம் பட்டுப் புடவையின் கரையிலேயே இருக்கிறது. ஜரிகை எப்படி வருகிறது? வெள்ளியை உருக்கி, கம்பியாக இழுத்து, அந்தக் கம்பியைத் தட்டையாக்கி, சாயமேற்றிய பட்டு நூலின்மேல் சுற்றி, அதன்மேல் பொன் முலாம் ஏற்றினால் ஜரிகை. வெள்ளி உருகுவதற்கு ஏறக்குறைய 962 டிகிரி சூடு வேண்டும். பொன்னுக்கு 1,064 டிகிரி. இந்தச் சூட்டில் சாதாரண மண்சட்டி பிளந்துவிடும். ஆகவேதான் உருக்குகிறவர்கள் கருப்பு மூசையைப் பயன்படுத்துகிறார்கள். அந்தக் கருப்பு எது? களிமண்ணோடு கலந்த கிராபைட்.

இன்னும் பாருங்கள். வீட்டில் மிக்ஸி நின்றுபோனால் பழுது பார்ப்பவர் "கார்பன் தேய்ந்துவிட்டது" என்று சொல்லி இரண்டு சிறு கருப்புத் துண்டுகளை மாற்றுகிறாரே, அது கிராபைட் இனம். ஆழ்துளைக் கிணற்றுக்குள் தண்ணீரில் மூழ்கி ஓடும் மோட்டாரின் அடியில், சுழலும் தண்டின் பாரத்தைத் தாங்கும் கருப்புத் தட்டும் பெரும்பாலும் அந்த இனமே. பழைய இரும்பை உருக்கி எஃகாக்கும் மின் உலையில் ஆள் உயரத்துக்கு மேற்பட்ட கருப்புத் தூண்கள் தொங்குகின்றன, அவையும் கிராபைட். இதே காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஸ்ரீபெரும்புதூரில் நம் வீட்டுப் பெண்கள் பூட்டித் தருகிற செல்போனின் பாட்டரிக்குள்ளும் கிராபைட் இருக்கிறது.

உழைக்கும் மக்களின் கையில் தினமும் புழங்கும் ஒரு பொருளின் கதை நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். அது எங்கிருந்து வருகிறது, யார் தோண்டுகிறார்கள், யார் பதப்படுத்துகிறார்கள், லாபம் யாரிடம் தங்குகிறது? இந்தக் கேள்விகளைத்தான் இன்று எடுத்துக்கொள்கிறோம்.

அடுப்புக்கரியின் உடன்பிறப்பு

கிராபைட் என்பது வேறொன்றுமில்லை, கரி. அடுப்புக்கரியும் கிராபைட்டும் வைரமும் ஒரே மூலப்பொருள்தான். அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் விதம்தான் வேறு. வைரத்தில் அவை எல்லாப் பக்கமும் கெட்டியாகப் பிணைந்திருக்கின்றன. கிராபைட்டில் வெற்றிலைக் கவுளியைப் போல ஏடு ஏடாகப் படிந்திருக்கின்றன. ஒவ்வொரு ஏடும் தன்னளவில் உறுதியானது. ஆனால் ஏட்டுக்கும் ஏட்டுக்கும் பிடிப்புக் குறைவு. அதனால் லேசாகத் தேய்த்தாலே ஏடுகள் வழுக்கிப் பிரிந்து வருகின்றன. காகிதத்தில் பென்சில் எழுதுவதும், யந்திரத்தில் எண்ணெய் இல்லாமலே கிராபைட் வழுவழுப்புக் கொடுப்பதும் இந்தக் குணத்தால்தான்.

இதோடு, மின்சாரத்தைத் தன் வழியாக ஓடவிடுகிறது. சாதாரண நிலையில் உருகுவதே இல்லை. 3,600 டிகிரிக்கு மேல் போனால் நேராக ஆவியாகிறது. இரும்பு 1,538 டிகிரியில் உருகிவிடுகிறது என்பதை நினைத்துப் பாருங்கள். வழுக்கும், மின்சாரம் பாயும், சூட்டைத் தாங்கும் என்ற மூன்று குணமும் ஒரே பொருளில் சேர்ந்திருப்பதால்தான் தொழில் உலகம் இதைத் தேடி அலைகிறது.

பெயரிலும் ஒரு குழப்பம் உண்டு. பழங்காலத்தில் ஐரோப்பியர் இதை ஒருவகை ஈயம் என்றே நினைத்து "கருப்பு ஈயம்" என்று அழைத்தார்கள். இது ஈயமே அல்ல, கரிதான் என்று 1779-இல் ஸ்வீடன் நாட்டு ரசாயன அறிஞர் ஷீலே நிரூபித்தார். 1789-இல் ஜெர்மானிய அறிஞர் வெர்னர், எழுதுதல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து கிராபைட் என்ற பெயரை வைத்தார். இலங்கைத் தமிழர் இதைப் பென்சிற்கரி என்றும் காரீயம் என்றும் சொல்லுவார்கள். நம் பக்கம் காரீயம் என்றால் உண்மையான ஈயம். இரண்டையும் ஒன்றாகக் கருதிவிடக் கூடாது.

சுரங்கத்துக்குப் பூட்டு, தொழிலாளிக்குச் சிறை

இங்கிலாந்தின் வடமேற்கில் பாரோடேல் என்ற மலைப் பள்ளத்தாக்கு இருக்கிறது. 16-ஆம் நூற்றாண்டில் அங்கே மிகச் சுத்தமான கிராபைட் கிடைத்தது. ஆட்டிடையர்கள் முதலில் ஆடுகளுக்கு அடையாளம் போட அதைப் பயன்படுத்தினார்கள் என்று சொல்லுவார்கள். பிறகு பீரங்கிக் குண்டு வார்க்கும் அச்சுக்கு உள்பூச்சாக அது மிகவும் உகந்தது என்று தெரிந்தது. அவ்வளவுதான், ஆடு மேய்ப்பவன் கையிலிருந்த கல் ஆளும் வர்க்கத்தின் பொக்கிஷமாகிவிட்டது.

என்ன செய்தார்கள் தெரியுமா? சுரங்கத்தின் வாயிலில் காவல் போட்டார்கள். வேலை முடிந்து வெளியே வரும் தொழிலாளியைச் சோதனை போட்டார்கள். விலை இறங்காமல் இருப்பதற்காகத் தேவையான அளவு எடுத்துக்கொண்டு, மற்றக் காலத்தில் சுரங்கத்தை மூடி வைத்தார்கள். 1752-இல் பார்லிமெண்டிலேயே சட்டம் போட்டார்கள். இந்தக் கருப்புக் கல்லைத் திருடினால் கடுங்காவல் அல்லது நாடு கடத்தல்! பள்ளத்தாக்கில் பிறந்து அந்தக் கல்லைத் தன் கையால் வெட்டி எடுத்தவன், ஒரு துண்டைச் சட்டைப்பையில் போட்டால் குற்றவாளி. அதை மூட்டை மூட்டையாக விற்றவர்கள் கனவான்கள்.

இதே கதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. பிரான்சு நாட்டில் புரட்சி நடந்த பிறகு இங்கிலாந்தோடு யுத்தம் மூண்டது. பாரோடேல் கிராபைட் பிரான்சுக்கு வரவில்லை. அப்போது கோன்டே என்ற பிரெஞ்சு விஞ்ஞானி மட்டமான கிராபைட்டைத் தூளாக்கி, களிமண்ணோடு பிசைந்து, குச்சியாக்கிச் சூளையில் சுட்டார். 1795-இல் அந்த முறைக்கு உரிமை பெற்றார். களிமண்ணைக் கூட்டினால் குச்சி கெட்டியாகும், குறைத்தால் மென்மையாகும். இன்று நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் பிடிக்கும் பென்சில் அதே முறையில் வந்ததுதான். உயர்ந்த கல் இருந்த நாடு அதைப் பூட்டி வைத்தது. தாழ்ந்த கல் மட்டுமே இருந்த நாடு பதப்படுத்தும் வித்தையைக் கண்டுபிடித்தது. நாளடைவில் வென்றது வித்தைதான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இது நமக்கு வேண்டும்.

இலங்கையின் பாடம்

பாரோடேல் தூரத்து ஊர். பக்கத்திலுள்ள இலங்கைக்கு வருவோம். இலங்கையும் நம் தென்னாடும் மடகாஸ்கரும் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்னால் ஒரே நிலப்பரப்பாக ஒட்டியிருந்தவை. அதனால்தான் மூன்று இடத்திலும் கிராபைட் கிடைக்கிறது. ஆனால் இலங்கைக் கல் தனிரகம். பாறை வெடிப்புகளில் நரம்பு நரம்பாகப் படிந்து கெட்டியானது; நூற்றுக்கு 95-க்கு மேல் சுத்தமானது. போகல, கஹட்டகஹ என்ற சுரங்கங்கள் உலகப் புகழ் பெற்றவை. கஹட்டகஹ சுமார் 2 ஆயிரம் அடி ஆழத்துக்கு இறங்குகிறது.

வெள்ளைக்காரன் காலத்தில் அங்கே வேலை எப்படி நடந்தது? காட்டுக் கொடியால் கட்டிய மர ஏணியில் வெறுங்காலோடு இறங்க வேண்டும். கிராபைட் பட்ட ஏணி வழுக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. கைராட்டினத்தைச் சுற்றிக் கல்லை மேலே இழுக்க வேண்டும். மேலே வந்த கல் கொழும்புக்குப் போகும். அங்கே கொட்டடிகளில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து உடைத்து, புடைத்து, சலித்து, தரம் பிரிப்பார்கள். வேலை முடிந்து போகும்போது தலை முதல் கால் வரை கருப்பாக மின்னுவார்கள்.

பிறகு அந்தக் கல் பீப்பாயில் ஏறி இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் போகும். லண்டனில் மார்கன் கம்பெனியும், அமெரிக்காவில் டிக்சன் கம்பெனியும் அதை மூசையாகச் செய்து உலகம் முழுவதும் விற்றன. முதல் உலக யுத்தத்தில் தோட்டாவுக்கும் குண்டுக்கும் உலோகம் உருக்க மூசை தேவைப்பட்டது. 1916-இல் இலங்கை 33 ஆயிரம் டன்னுக்கு மேல் ஏற்றுமதி செய்தது. சுரங்க முதலாளிகள் மாளிகை கட்டினார்கள்.

யுத்தம் நின்றது. தேவை சரிந்தது. மடகாஸ்கரிலிருந்து மலிவான கல் வந்தது. எஃகு உருக்க மூசைக்குப் பதிலாக மின் உலைகள் வந்தன. இலங்கையில் சுரங்கம் சுரங்கமாக மூடினார்கள். மாளிகை கட்டியவனுக்கு மாளிகை மிஞ்சியது. ஏணியில் இறங்கியவனுக்கு என்ன மிஞ்சியது? 1971-இல் இலங்கை சர்க்கார் சுரங்கங்களைத் தேசவுடைமை ஆக்கியபோது, பழைய செழிப்பில் ஒரு பகுதிதான் எஞ்சியிருந்தது.

இதிலிருந்து கிடைக்கும் பாடம் என்ன? உலகத்திலேயே உயர்ந்த சரக்கு கையில் இருந்தும், கச்சாப் பொருளாகவே விற்றுக்கொண்டிருந்தால், வாங்குகிறவன் முகம் திருப்பிய அன்றைக்கே அடுப்பில் பூனை தூங்கும்.

சிவகங்கையில் என்ன நடக்கிறது?

இனி நம் ஊர்க் கல். சிவகங்கைக்குப் பக்கத்தில் புதுப்பட்டி, குமாரிபட்டி முதலிய கிராமங்களின் நிலத்தடியில் கிராபைட் பரந்து கிடக்கிறது. தமிழ்நாடு சர்க்காருக்குச் சொந்தமான கனிம நிறுவனம், டாமின் என்று சொல்லுவார்களே, அதுதான் அங்கே சுரங்கமும் ஆலையும் அமைத்தது. தனியார் கைக்குப் போகாமல் பொதுத்துறையில் இருப்பது நல்ல காரியம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

ஆனால் இந்தக் கல் இலங்கைக் கல்லைப் போல் கெட்டிக் கருப்பல்ல. பாறைக்குள் சின்னச் சின்னச் செதில்களாகச் சிதறிக் கிடக்கிறது. நூறு பங்கு கல்லில் சராசரி 14 பங்குதான் கிராபைட். மீதி 86 பங்கு வெறும் பாறையும் மணலும். ஒரு டன் கிராபைட் வேண்டுமானால் 7 டன்னுக்கு மேல் கல்லைத் தோண்டி, உடைத்து, அரைக்க வேண்டும். இந்தக் கணக்கை மறக்காதீர்கள். கிராபைட்டின் விலைக்குள் அந்த 7 டன் உழைப்பும் அடங்கியிருக்கிறது.

பதப்படுத்தும் முறை இது. முதலில் கல்லைத் தாடை போன்ற யந்திரத்தில் கொடுத்து உடைக்கிறார்கள். பிறகு இரும்பு உருண்டைகள் உருளும் பெரிய பீப்பாயில் தண்ணீரோடு விட்டு மாவாக அரைக்கிறார்கள். இப்போது கிராபைட் செதிலும் மணலும் தனித்தனியாக, ஆனால் ஒரே குழம்பில் இருக்கின்றன. எப்படிப் பிரிப்பது?

மோர் கடையும்போது வெண்ணெய் மேலே திரள்வதைப் பார்த்திருக்கிறீர்கள். ஏறத்தாழ அதைப் போன்ற காரியம்தான். கிராபைட்டுக்குத் தண்ணீர் ஒட்டாது, எண்ணெய் ஒட்டும். மணலுக்குத் தண்ணீர் ஒட்டும். குழம்பில் கொஞ்சம் மண்ணெண்ணெய் போன்ற எண்ணெயும், நுரை வருவதற்குப் பைன் மர எண்ணெய் போன்றதும் சேர்த்து, அடியிலிருந்து காற்றை ஊதுகிறார்கள். காற்றுக் குமிழிகள் கிராபைட் செதிலைச் சுமந்துகொண்டு மேலே வருகின்றன. மணல் அடியில் தங்குகிறது. மேலே வந்த கருப்பு நுரையை வழித்தெடுத்து, மறுபடி அரைத்து, மறுபடி மிதக்கவிட்டு, வடிகட்டி, உலர்த்தி, சல்லடையில் தரம் பிரித்து மூட்டை கட்டுகிறார்கள். கிராபைட்டை இப்படி நுரையில் மிதக்கவைக்கும் முறைக்கு 1877-இலேயே ஜெர்மனியில் பெஸ்ஸல் சகோதரர்கள் உரிமை பெற்றார்கள். நூற்றுக்கு 14 ஆக இருந்த கிராபைட்டை இந்த முறையில் நூற்றுக்கு 96 வரை சுத்தப்படுத்த முடியும்.

நல்லது. அந்த மூட்டை எங்கே போகிறது? மூசைக்கும், உலைக்கு வேண்டிய சூடு தாங்கும் செங்கலுக்கும், பென்சிலுக்கும், மசகுக்கும் கச்சாப் பொருளாக வெளியூர் போகிறது. சிவகங்கை வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் இளைஞர்கள் திருப்பூருக்கும் சென்னைக்கும் வளைகுடா நாடுகளுக்கும் பிழைக்கப் போகிறார்கள். "இந்தக் கிராபைட்டை வைத்து இங்கேயே உபதொழில்கள் தொடங்குங்கள்" என்று அந்தப் பகுதி மக்கள் பல ஆண்டுகளாகக் கேட்டுவருகிறார்கள். நியாயமான கோரிக்கை அல்லவா?

பாட்டரிக் காலம்

இந்தக் கோரிக்கைக்கு இப்போது புதிய அவசரம் வந்திருக்கிறது. செல்போன், மின்சார ஸ்கூட்டர், மின்சாரக் கார் எல்லாவற்றிலும் லித்தியம் பாட்டரி. பெயர் லித்தியம் என்றாலும், அதற்குள் லித்தியத்தைவிடக் கிராபைட்தான் எடை அதிகம். மின்சாரம் ஏற்றும்போது லித்தியம் போய் உட்காரும் அடுக்கு கிராபைட் ஏடுகள்தான். ஒரு மின்சாரக் காருக்குச் சுமார் 50 கிலோவோ அதற்கு மேலோ கிராபைட் வேண்டும்.

ஆனால் சிவகங்கை மூட்டையை அப்படியே பாட்டரியில் கொட்ட முடியாது. செதிலை உருண்டையாக்க வேண்டும். அதில் பாதிக்குப் பாதி கழிந்துவிடும். பிறகு 99.95 பங்கு வரை சுத்தம் செய்ய வேண்டும். மேலே மெல்லிய கரிப்பூச்சு பூச வேண்டும். ஒவ்வொரு படியிலும் விலை ஏறுகிறது. கடைசிப் படியில் அது கச்சாத் தூளின் விலையைப் போல் பல மடங்கு.

உலகத்தில் கிராபைட் தோண்டும் நாடுகள் பல உண்டு. மொசாம்பிக், மடகாஸ்கர், பிரேசில், இந்தியா எல்லாம் தோண்டுகின்றன. பாட்டரிப் பதத்துக்குக் கொண்டுவருவதில் மட்டும் நூற்றுக்கு 90 பங்குக்கு மேல் சீனத்தில் நடக்கிறது. 2023 டிசம்பர் 1 முதல் கிராபைட் ஏற்றுமதிக்கு அனுமதி பெற வேண்டும் என்று சீன சர்க்கார் விதித்தபோது, பெரிய பெரிய கார் கம்பெனிகள் எல்லாம் பதறின. கோன்டே காலத்துக் கதைதான் மறுபடியும். கல் எல்லோரிடமும் இருக்கிறது. வித்தை யாரிடம் இருக்கிறதோ அவர் சொல்லுகிற விலை.

இந்தியாவிலும் அசைவு தெரிகிறது. 2023-இல் மத்திய சர்க்கார் வெளியிட்ட 30 முக்கியக் கனிமங்களின் பட்டியலில் கிராபைட் இடம் பெற்றது. அதே ஆண்டு கனிமச் சட்டத்தைத் திருத்தி, கிராபைட் உள்ளிட்ட 24 கனிமங்களின் சுரங்கங்களை ஏலம் விடும் அதிகாரத்தை மத்திய சர்க்கார் தன் கையில் எடுத்துக்கொண்டது. ஏலம் என்றால் யார் வருவார்கள்? பணமூட்டை உள்ளவன் வருவான். நிலம் நம் மாநிலத்தில், தூசி நம் நெஞ்சில், ஏலம் டெல்லியில்!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சுரங்கம் இல்லாமலே பெட்ரோலியக் கரியை 3 ஆயிரம் டிகிரி அளவுக்குச் சூடேற்றிக் கிராபைட் செய்யவும் முடியும். 1896-இலேயே அமெரிக்காவில் அச்செசன் என்பவர் அந்த முறைக்கு உரிமை பெற்றுவிட்டார். இன்று பாட்டரிக்கும் எஃகு உலைத் தூணுக்கும் அந்தச் செயற்கைக் கிராபைட் ஏராளமாகப் போகிறது. "கல் இருக்கிறது, நமக்கென்ன கவலை" என்று கச்சாத் தூளை மட்டும் விற்றுக்கொண்டிருந்தால், இலங்கைக்கு நேர்ந்தது சிவகங்கைக்கும் நேரலாம்.

ஆலை வந்தால் போதுமா? காஞ்சிபுரம் சொல்லட்டும்

இதுவரை கேட்டவர்கள், "அப்படியானால் பதப்படுத்தும் ஆலையைச் சிவகங்கைக்குக் கொண்டுவந்துவிட்டால் தீர்ந்தது" என்று நினைக்கலாம். மேடைகளில் பலரும் அப்படித்தான் பேசுகிறார்கள். அங்கேதான் நாம் காஞ்சிபுரத்தைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறோம்.

இந்த ஊர் கச்சாப் பொருள் விற்கும் ஊரா? இல்லை. பட்டு நூல் கர்நாடகத்திலிருந்து வருகிறது. ஜரிகை சூரத்திலிருந்து வருகிறது. இங்குள்ள சர்க்கார் ஜரிகை ஆலையிலிருந்தும் வருகிறது. இவை எல்லாம் சேர்ந்து கடைசிப் பொருளாக, உலகம் போற்றும் புடவையாக உருவாவது இந்த ஊரில், இந்தக் கைகளில். உடலையும் கரையையும் தனித்தனி நாடாவில் நெய்து கோர்வை போடும் வித்தை இந்தக் கைகளில் இருக்கிறது. வித்தை நம்மிடம், முடிந்த பொருளும் நம்மிடம். அப்படியானால் செல்வமும் நம்மிடம் இருக்க வேண்டுமே! ஏன் இல்லை? நெசவாளி மகன் ஏன் தறியை விட்டு ஒரகடத்துக்குக் கம்பெனி பஸ் ஏறுகிறான்?

ஏனென்றால் நூல் மற்றவனுடையது, பாவு மற்றவனுடையது, புடவை மற்றவனுடையது. கூலி மட்டும் நெசவாளியுடையது. வித்தை இருந்தால் மட்டும் போதாது, அதன் பலனைப் பங்கிடும் இடத்தில் உழைப்பவன் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதைத்தான் காஞ்சிபுரம் உலகத்துக்குச் சொல்லுகிறது. அதற்காகத்தான் இந்த ஊர் நெசவாளர்கள் கூட்டுறவுச் சங்கங்களில் சேர்ந்தார்கள்; அதற்காகத்தான் கூலி உயர்வுக்குப் போராடினார்கள்.

ஆகவே சிவகங்கைத் தோழர்களுக்குச் சொல்ல நம்மிடம் ஒரு செய்தி இருக்கிறது. கல் உங்கள் ஊரிலேயே பாட்டரிப் பொருளாக மாறட்டும். மாறும்போது, சுரங்கமும் ஆலையும் பொதுச் சொத்தாக இருக்கட்டும். வேலை நிரந்தர வேலையாக இருக்கட்டும். காண்டிராக்டர் கையில் சிக்கவேண்டாம். இரண்டையும் ஒன்றாகக் கேளுங்கள். ஒன்றை வாங்கிக்கொண்டு மற்றொன்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றால், அந்தப் "பிறகு" வருவதே இல்லை.

நெஞ்சில் தங்கும் தூசி

இனி உடம்பைப் பற்றி. கல்லில் 86 பங்கு பாறையும் மணலும் என்றோமே, அந்த மணலின் மாவுதான் எமன். துளை போடும்போதும், உடைக்கும்போதும், உலர்ந்த தூளை மூட்டை கட்டும்போதும் எழும் தூசியில் கண்ணுக்குத் தெரிகிற பெரிய தூசியை மூக்கும் தொண்டையும் ஓரளவு தடுத்துவிடும். கண்ணுக்குத் தெரியாத நுண்தூசிதான் நுரையீரலின் அடிவரை போய்த் தங்கி, அங்கே தழும்பை உண்டாக்குகிறது. இதற்கு சிலிகோசிஸ் என்று பெயர். வந்தபின் குணமாக்கும் மருந்து இல்லை. வராமல் தடுக்கத்தான் முடியும். கிராபைட் தூசியும் ஆண்டுக்கணக்கில் உள்ளே போனால் நுரையீரலைக் கெடுக்கும்.

இது சிவகங்கைக்கு மட்டும் உரிய நோயல்ல. நம் உத்திரமேரூர், வாலாஜாபாத் பக்கத்துக் கல்குவாரியில் ஜல்லி உடைக்கும் தொழிலாளியைத் தாக்குவதும் இதே தூசிதான். அவன் இருமிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனால், பல சமயம் காசநோய் என்று எழுதி அனுப்பிவிடுகிறார்கள். "நான் கல் உடைக்கிறவன், எத்தனை வருஷமாக உடைக்கிறேன்" என்று டாக்டரிடம் முதலில் சொல்ல வேண்டும். சிலிகோசிஸ் தொழில்நோய் என்று சட்டம் ஒப்புக்கொண்டிருக்கிறது. நஷ்டஈடு கேட்க உரிமை உண்டு.

தடுக்கும் வழிகள் பெரிய ரகசியம் அல்ல. தண்ணீர் விட்டுக்கொண்டே துளை போடுவது, உடைக்கும் யந்திரத்தை மூடி வைத்துத் தூசியை உறிஞ்சி எடுப்பது, நுண்தூசியைத் தடுக்கும் சரியான முகக்கவசம் கொடுப்பது, ஆண்டுதோறும் நெஞ்சுப் படம் எடுப்பது. தலைத்துண்டை மூக்கில் கட்டிக்கொண்டால் நுண்தூசி நிற்காது. இன்னொரு அபாயமும் உண்டு. கிராபைட் மின்சாரம் பாயும் பொருள். அதன் தூசி சுவிட்சுப் பெட்டிக்குள் படிந்தால் தீப்பொறி கிளம்பும். தரையில் படிந்தால் வழுக்கும். ஆலையைத் துப்புரவாக வைப்பது உயிர் காக்கும் காரியம்.

பதப்படுத்தலின் கடைசிப் படி இன்னும் ஆபத்தானது. 99.95 பங்கு சுத்தத்துக்கு ஹைட்ரோபுளோரிக் அமிலத்தைப் பயன்படுத்துவது ஒரு முறை. கண்ணாடியையே அரிக்கும் அமிலம் அது. சீனத்தில் கிராபைட் ஆலைகளைச் சுற்றியுள்ள கிராமங்களில் பயிரிலும் வீட்டிலும் தூசி படிவதாகவும், தண்ணீர் கெடுவதாகவும் மக்கள் முறையிட்டதை 2016-இல் பத்திரிகைகள் எழுதின. எந்த நாட்டில் நடந்தாலும் தூசி தூசிதான், அமிலம் அமிலம்தான். அமிலம் இல்லாமல் கடும் சூட்டினால் சுத்தம் செய்யும் முறையும் உண்டு. அதற்கு மின்சாரச் செலவு அதிகம். எந்த முறை என்பதை முதலாளியின் செலவுக் கணக்கு மட்டும் தீர்மானிக்கக் கூடாது. சிவகங்கையின் கண்மாய்த் தண்ணீரை நம்பி வாழும் விவசாயிக்கும் அதில் வாக்கு வேண்டும். அரைத்துக் கழித்த 86 பங்கு மண் எங்கே கொட்டப்படும், மழையில் அது எந்தக் கண்மாய்க்குப் போகும் என்பதை ஆலை எழும்பும் முன்பே கேட்க வேண்டும்.

1948-இன் தொழிற்சாலைச் சட்டமும், 1952-இன் சுரங்கச் சட்டமும் தொழிலாளி வர்க்கம் போராடி வாங்கியவை. அவை உள்ளிட்ட 29 சட்டங்களைச் சுருட்டி நான்கு தொகுப்புகளாக்கி, 2025 நவம்பர் 21 முதல் மத்திய சர்க்கார் அமலுக்குக் கொண்டுவந்தது. தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. சட்டத்தின் பெயரை மாற்றலாம், தோழர்களே, தூசியின் குணத்தை மாற்ற முடியாது. பழைய சட்டத்தில் இருந்த பாதுகாப்பு புதியதில் எங்கே இருக்கிறது, எது காணாமல் போயிற்று என்று சங்கத்தில் உட்கார்ந்து வரி வரியாகப் படியுங்கள்.

கையில் உள்ள ஆயுதங்கள்

கடைசியாக, நாம் என்ன செய்ய முடியும்? 2015-இல் கனிமச் சட்டத்தில் செய்த திருத்தத்தின்படி, சுரங்கம் உள்ள மாவட்டங்களில் மாவட்டக் கனிம அறக்கட்டளை என்ற நிதி உண்டு. கிராபைட் போன்ற பெரிய கனிமச் சுரங்கம் நடத்துகிறவர், சர்க்காருக்குக் கட்டும் உரிமைத் தொகையைத் தவிர, அதில் 10 சதவீதமோ, பழைய குத்தகையானால் 30 சதவீதமோ இந்த நிதிக்குக் கட்ட வேண்டும். அந்தப் பணம் சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட மக்களின் குடிதண்ணீர், வைத்தியம், கல்வி போன்றவற்றுக்குப் போக வேண்டும். போகிறதா? மே 1 அன்றும், ஆகஸ்ட் 15 அன்றும், அக்டோபர் 2 அன்றும், ஜனவரி 26 அன்றும் கிராம சபை கூடுகிறது. அங்கே எழுந்து நின்று, "எங்கள் ஊருக்கு இந்த நிதியிலிருந்து என்ன வந்தது?" என்று கேட்கலாம். பதில் வராவிட்டால் தகவல் அறியும் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் கட்டணத்தோடு மனு எழுதிக் கேட்கலாம். குவாரி உள்ள நம் மாவட்டத்துத் தோழர்களும் இதைக் கேட்க வேண்டும்.

சங்கத் தோழர்கள் செய்ய வேண்டியது இது. தூசியில் வேலை செய்கிற ஒவ்வொருவரின் பெயரும், எத்தனை ஆண்டு வேலை என்பதும், நெஞ்சுப் படம் எடுத்த தேதியும் ஒரு நோட்டில் ஏறட்டும். காண்டிராக்ட் தொழிலாளியின் பெயர் முதலில் ஏறட்டும். ஏனென்றால் கம்பெனிப் புத்தகத்தில் அவன் பெயர் இருக்காது. நாளை நஷ்டஈடு கேட்கும்போது அந்த நோட்டுத்தான் சாட்சி.

ஒரு டன் கிராபைட்டுக்கு 7 டன் கல் என்ற கணக்கை நாம் சொன்னோம். அந்த 7 டன்னைத் தோண்டியவர் யார், அவர் கூலி எவ்வளவு, அவர் நெஞ்சு எப்படி இருக்கிறது? இனி யாராவது உங்களிடம் கிராபைட்டால் நாடு முன்னேறும் என்று பேசினால், இந்த மூன்றையும் கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்தவரோடு சேர்ந்து ஆலை கட்டுவோம். பதில் சொல்ல மறுப்பவரிடம், பதில் வரும்வரை சங்கமாகச் சேர்ந்து கேட்டுக்கொண்டே இருப்போம்.